வகுத்தி எது? கிரிக்கெட் பேட்டிங் சராசரியின் வரலாறு குறித்து ஒரு மறுப்பு

பேட்டிங் சராசரி என்பது எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வரும் ஈவு. ஆட்டமிழக்காமல் நின்ற இன்னிங்ஸின் ரன்கள் மேலே சேரும். அந்த இன்னிங்ஸ் கீழே சேராது. இந்த ஏற்பாட்டை அநீதி என்பாரும் உண்டு, ஏமாற்று என்பாரும் உண்டு. இதைப் புள்ளியியல் அடிப்படையில் விரிவாகச் சோதித்த முக்கியமான கட்டுரை 1993-இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழக ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் கிம்பர், ஹான்ஸ்ஃபோர்ட் என்ற இருவர். அவர்கள் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் சண்டை.

அவர்கள் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மட்டையாளர் ஓர் இன்னிங்ஸைக் கடைசிவரை ஆட விட்டால் சராசரியாக எத்தனை ரன் எடுப்பார்? சராசரி சொல்ல வேண்டியது அதைத்தான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாட் அவுட் இன்னிங்ஸ் பாதியில் நின்றுபோன தரவு. 40 ரன்னில் ஆட்டம் முடிந்துவிட்டால், அவர் 41-இல் வீழ்ந்திருப்பாரா, 140-இல் வீழ்ந்திருப்பாரா என்பது தெரியாது. மொத்த ரன்னை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கும் மரபு முறை இந்த இடைவெளியைச் சரியாக நிரப்ப வேண்டுமானால் ஒரு நிபந்தனை வேண்டும்: எந்த ரன்னில் நின்றாலும் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும். அதாவது ரன்கள் பெருக்குத் தொடர் வடிவில் அமைய வேண்டும். உண்மையான ஸ்கோர்கள் அப்படி அமைவதில்லை. குறிப்பாகப் பூஜ்ஜியங்கள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. ஆகவே மரபு முறையை விட்டுவிட்டு, மருத்துவ ஆய்வில் நோயாளிகளின் ஆயுளைக் கணிக்கப் பயன்படும் காப்லான்–மையர் முறையைக் கொண்டு சராசரியைக் காண வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

பெருக்குத் தொடர் என்ற கருத்து அவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1945-இல் அதே கழகத்தின் இதழில் ஜி. எச். வுட் என்பவர் கிரிக்கெட் ஸ்கோர்களையும் பெருக்குத் தொடரையும் ஒப்பிட்டு எழுதினார். அதே தொகுதியில் வில்லியம் பேலின் எல்டர்டனும் கிரிக்கெட் ஸ்கோர்களை எடுத்துக்கொண்டு எழுதினார். எல்டர்டன் தொழிலால் ஆயுள் காப்பீட்டுக் கணிப்பாளர். இந்தத் தொழில் விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கிம்பர், ஹான்ஸ்ஃபோர்ட் வாசிப்பில் ஒரு வரலாற்றுக் கூற்று சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. சராசரியை உருவாக்கிய பழைய தொகுப்பாளர்கள் ஓர் இன்னிங்ஸின் நீளத்தை அளக்கப் போய், நாட் அவுட்டைக் கையாளத் தெரியாமல் கரடுமுரடாக ஒரு வழி செய்துவைத்தார்கள் என்பதே அது. இதைத்தான் மறுக்கிறேன். அந்தத் தொகுப்பாளர்கள் இன்னிங்ஸின் நீளத்தை அளக்கவில்லை. விக்கெட்டின் விலையை எழுதிவைத்தார்கள்.

ஈவும் மீதியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சராசரி தசமத்தில் எழுதப்படவில்லை. பள்ளிக்கூட வகுத்தல் கணக்குப்போல ஈவையும் மீதியையும் தனித்தனியாக எழுதினார்கள். 14 ஆட்டத்தில் 40 ரன் எடுத்தவருக்கு 2-12. அதாவது ஆட்டத்துக்கு 2, மீதி 12. ஃபிரெட் லில்லிவொயிட் 1849-இல் தொடங்கிய வழிகாட்டி நூல்களும், 1864-இல் பிறந்த விஸ்டனும் வளர்ந்த காலம் இதுதான். லில்லிவொயிட் ஸ்கோர் போடுவதை ஒரு தொழிலாகவே நடத்தியவர். 1859-இல் ஜார்ஜ் பார் தலைமையில் இங்கிலாந்து அணி முதன்முதலாகக் கடல் கடந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது, தன் அச்சுக் கூடாரத்தையும் கப்பலேற்றிக்கொண்டு கூடவே போனார். அந்தச் சுமையால் அவருக்கும் பாருக்கும் நடந்த தகராறு தனிக் கதை. பட்டியல்காரர்களுக்கு எண் என்றால் எவ்வளவு பித்து என்பதற்கு இது போதும்.

இந்தக் குறிமுறையைத் தசமத்தின் கரடான முன்னோடி என்று ஒதுக்குவது வழக்கம். நான் அப்படிக் கருதவில்லை. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம்.

டபிள்யூ. ஜி. கிரேஸ் 1871 பருவத்தில் முதல்தர ஆட்டங்களில் 2739 ரன் எடுத்தார். 39 இன்னிங்ஸ், அதில் 4 நாட் அவுட். இன்றைய புத்தகங்கள் தரும் சராசரி 78.25. பழைய முறையில் எழுதினால், 35 தடவை ஆட்டமிழந்ததால் 78-9. நாட் அவுட்டைக் கழிக்காமல் 39 இன்னிங்ஸாலும் வகுத்தால் என்ன வரும்? 70-9. இரண்டிலும் மீதி 9-தான். 2730 என்ற எண் 35-ஆலும் வகுபடும், 39-ஆலும் வகுபடும் என்பதால் வந்த தற்செயல் இது. ஆனால் ஆய்வாளருக்கு இது ஒரு பொறி. மீதியை மட்டும் வைத்து வகுத்தியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினால், கிரேஸின் மிகப் புகழ்பெற்ற பருவத்திலேயே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எந்த வகுத்தியால் வகுத்தார்கள் என்பதை ஈவுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வைத்து அச்சிட்டால் 78-9 என்பது 78.9 ஆகிவிடும். இன்றைய கண் அதைத் தசமமாகவே படிக்கும். உண்மையான மதிப்பு 78.25, படிப்பது 78.9. அதே கிரேஸ் 1873-இல் 2139 ரன் எடுத்தார். 38 இன்னிங்ஸ், 8 நாட் அவுட். பழைய முறையில் 71-9. இங்கும் மீதி 9. ஆனால் அந்த 9, 35-இல் ஒன்பது அல்ல, 30-இல் ஒன்பது. தசமத்தில் அது 71.30. ஒரே மீதி, வேறு வேறு மதிப்பு. விக்டோரியா காலப் பட்டியல்களை மேற்கோள் காட்டுவோர் ஆட்டமிழந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை நம்பக் கூடாது.

ஆக, மீதி எழுதும் முறை வகுத்தியை மறக்க விடுவதில்லை. 9 என்று எழுதினால், எதில் ஒன்பது என்ற கேள்வி உடனே எழும். தசமம் அந்தக் கேள்வியை அழித்துவிடுகிறது. இதற்குச் சிறந்த சான்று பிராட்மேன். 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், 6996 ரன், சராசரி 99.94. ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் தன் அஞ்சல் பெட்டிக்கே 9994 என்று எண் வாங்கிவைத்திருக்கும் அளவுக்கு அந்த எண் புனிதமாகிவிட்டது. பழைய முறையில் அது 99-66. வகுத்தி 70, மீதி 66. இன்னும் 4 இருந்தால் மீதி 70 ஆகி ஈவு 100 ஆகியிருக்கும். 1948 ஓவல் ஆட்டத்தில் ஹோலிஸ் பந்தில் பூஜ்ஜியத்தில் வீழ்ந்தபோது அவருக்குக் குறைந்த அந்த நான்கு ரன், 99-66 என்ற எழுத்தில் வெளிப்படையாக நிற்கிறது. 99.94-இல் அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பொதுவாகச் சொல்லப்படாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தக் கடைசி இன்னிங்ஸில் பிராட்மேன் ஒரு ரன்னும் எடுக்காமல், ஆனால் ஆட்டமிழக்காமல் திரும்பியிருந்தால் அவர் சராசரி 101.39. அந்த ஆட்டத்தில் அவரிடமிருந்து போனது நான்கு ரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப்படி அதைவிடப் பெரிதாகப் போனது ஒரு விக்கெட்.

வெட்டி எழுதும் பழக்கம்

இங்கே சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே ஒன்றை வலியுறுத்துகிறேன். கிரேஸின் 2739-ஐ 35-ஆல் வகுத்தால் 78.257 வரும், அச்சில் 78.25. இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் 78.26 ஆக வேண்டும். தோனியின் ஒருநாள் கணக்கு 10,773 ரன், 213 தடவை ஆட்டமிழப்பு, வகுத்தால் 50.577. பட்டியலில் 50.57. முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட்டுக்குக் கொடுத்தது 18,180 ரன், வகுத்தால் 22.725. பட்டியலில் 22.72. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில் ஆடிய மூவரின் கணக்கிலும் ஒரே பழக்கம்: மூன்றாம் தசமத்தை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிடுகிறார்கள்.

புள்ளியியலாளர் இப்படிச் செய்யமாட்டார். அளவீடு என்றால் மிக நெருங்கிய மதிப்பு முக்கியம், முழுமைப்படுத்துவதே முறை. கணக்குப்பிள்ளை வெட்டுவார். முழுதாகச் சம்பாதிக்காததை வரவில் எழுதக் கூடாது என்பது பேரேட்டு ஒழுக்கம். ஈவை எழுதி மீதியைத் தனியே வைத்த கையின் பழக்கமே தசமம் வந்த பிறகும் தொடர்ந்தது என்பது என் ஊகம். இடைப்பட்ட தலைமுறையின் பட்டியல்களை வரிசையாக ஒப்பிட்டால் இது உறுதிப்படலாம், உடையவும் செய்யலாம். ஆனால் சராசரியைப் புள்ளியியல் மதிப்பீடாகப் பார்த்தவர்களின் கையில் இந்தப் பழக்கம் பிறந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாட் அவுட் இன்னிங்ஸை வகுத்தியிலிருந்து கழிக்கும் வழக்கம் எந்த ஆண்டு நிலைபெற்றது என்று ஓர் ஆண்டைச் சுட்டுவது வீண். கிரிக்கெட் விதிகளில் சராசரிக்கு இலக்கணம் கிடையாது. விதித் திருத்தம்போல ஒரு தேதியில் அது மாறியிருக்க முடியாது. தொகுப்பாளர் தொகுப்பாளராகத்தான் மாறியிருக்கும். இன்றைய நூல்களில் கிரேஸுக்கு 78.25 என்று இருப்பதை 1871-இன் வழக்கத்துக்குச் சான்றாகக் காட்டவும் கூடாது. பின்னாளில் இன்றைய விதிப்படி திரும்பக் கணக்கிட்டாலும் அதே எண்தான் வரும். டிக்ளேர் செய்யும் உரிமை 1889-இல்தான் வந்தது, அதுவும் முதலில் மூன்றாம் நாளுக்கு மட்டும். அதற்கு முன் நாட் அவுட் என்பது பெரும்பாலும் துணைக்கு ஆள் தீர்ந்ததாலோ, வெற்றி கிடைத்ததாலோ, நேரம் முடிந்ததாலோ வந்தது. கழிக்கும் வழக்கம் டிக்ளரேஷனுக்காகப் பிறந்தது என்ற எளிய விளக்கத்தை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு. அந்த வழக்கத்துக்கு வேண்டிய தர்க்கம் பந்துவீச்சுப் பட்டியலில் தயாராக இருந்தது.

பந்துவீச்சாளரின் பக்கம்

பந்துவீச்சுச் சராசரி என்பது கொடுத்த ரன்னை எடுத்த விக்கெட்டால் வகுப்பது. ஒரு பந்துவீச்சாளர் ஓர் இன்னிங்ஸில் 90 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 90 மேலே சேரும். கீழே ஒன்றும் சேராது. முரளிதரனின் 18,180-இலும் அப்படிப்பட்ட ரன்கள் உண்டு. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ‘விக்கெட் விழாத பந்துவீச்சு பாதியில் நின்றுபோன தரவு, அதை ஆயுள் கணிப்பு முறையில் திருத்த வேண்டும்’ என்று ஒருவரும் கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை. ஏனென்றால் பந்துவீச்சுச் சராசரி ஒரு விலை என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஒரு விக்கெட்டுக்கு இத்தனை ரன் செலவு.

அதே பேரேட்டை மட்டையாளர் பக்கமிருந்து எழுதினால் நாட் அவுட் விதி தானாக வந்துவிடும். அவர் பெற்ற ரன் எல்லாம் வரவு; அவர் கொடுத்த விக்கெட் எல்லாம் செலவு. ஆட்டமிழக்காத இன்னிங்ஸில் வரவு உண்டு, செலவு இல்லை. உதிரி ரன்னும் ரன் அவுட்டும் இரண்டு பக்கத்தையும் சற்று விலக்கிவைக்கும் என்பது உண்மை. மற்றபடி ஒரு பக்கத்தின் வகுத்தி விக்கெட்டாக இருக்கும்போது மறுபக்கத்தின் வகுத்தி இன்னிங்ஸாக இருந்தால்தான் விந்தை.

இப்போது எல்டர்டனின் தொழிலுக்கு வருகிறேன். காப்பீட்டுக் கணிப்பாளர் இறப்பு விகிதத்தை எப்படிக் காண்கிறார்? இறந்தவர்களின் எண்ணிக்கையை, எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த மொத்த ஆண்டுகளால் வகுக்கிறார். பாலிசியைப் பாதியில் விட்டுப் போனவர் வாழ்ந்த ஆண்டுகளைத் தருகிறார், இறப்பைத் தருவதில்லை. ரன்னை ஆண்டாகவும், ஆட்டமிழப்பை இறப்பாகவும் வைத்தால் பேட்டிங் சராசரி இந்த விகிதத்தின் தலைகீழ், அவ்வளவுதான். நாட் அவுட் புறக்கணிக்கப்படவில்லை. அதன் ஒவ்வொரு ரன்னும் கணக்கில் இருக்கிறது. இந்த விகிதத்தைச் சொல்வதற்குப் பெருக்குத் தொடர் எதுவும் தேவையில்லை. நடந்ததைச் சொல்லும் விகிதம் அது. ‘அடுத்த இன்னிங்ஸ் எவ்வளவு நீளும்’ என்று அதைக் கேட்கும்போதுதான் பெருக்குத் தொடர் தேவைப்படுகிறது. கேள்வியை மாற்றியவர்கள் விடை தப்பு என்கிறார்கள்.

‘விலை’ என்று படித்தால், வேடிக்கை என்று காட்டப்படும் எண்களும் ஒழுங்காகிவிடும். 1953-இல் இங்கிலாந்துக்குப் போன ஆஸ்திரேலிய அணியின் பந்துவீச்சாளர் பில் ஜான்ஸ்டன் 17 இன்னிங்ஸில் 16 முறை ஆட்டமிழக்காமல் நின்று 102 ரன் எடுத்தார், சராசரியும் 102. 1999 உலகக் கோப்பையில் லான்ஸ் குளூஸ்னர் ஒரு சதமும் இல்லாமல் 281 ரன் எடுத்தார். இரண்டே முறை ஆட்டமிழந்ததால் சராசரி 140.50. இன்னிங்ஸின் நீளம் என்று பார்த்தால் இரண்டும் அபத்தம். விலை என்று பார்த்தால் குளூஸ்னருடைய எண்ணில் அபத்தம் எதுவும் இல்லை: எதிரணிகள் அவர் விக்கெட் ஒன்றுக்கு உண்மையிலேயே 140 ரன் கொடுத்தன. ஜான்ஸ்டனுடையது ஒரே ஒரு விற்பனையை வைத்துச் சொன்ன விலை. சந்தை நிலவரத்தை அது காட்டாது. 1948-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ் ஆடி 112-இல் ஆட்டமிழந்த ஆண்டி கேன்டோமின் சராசரி 112 என்பதும் இப்படித்தான். குறை வகுத்தியின் சிறுமையில், விதியில் அல்ல.

மாற்று முறை இந்த இடங்களில் மேலாகச் செய்யுமா? காப்லான்–மையர் முறையில் மிக உயர்ந்த ஸ்கோரே நாட் அவுட்டாக இருந்தால், அதற்கு அப்பால் தரவு இல்லை. சராசரியை முடிக்க ஏதாவது ஓர் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும். லாராவின் உச்சம் 2004-இல் ஆன்டிகுவாவில் எடுத்த 400 நாட் அவுட். சோபர்ஸின் உச்சம் 365 நாட் அவுட். மேற்கிந்தியத் தீவுகளின் ஆகச் சிறந்த இரு மட்டையாளர்களின் கணக்கையே ஓர் ஒட்டுவேலை இல்லாமல் மூட முடியாத முறையை, பழைய முறையின் ஒட்டுவேலையைத் திருத்த வந்ததாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கிம்பர், ஹான்ஸ்ஃபோர்ட் ஒரு விஷயத்தில் அசைக்க முடியாதவர்கள். பூஜ்ஜியத்தில் நிற்பவரும் ஐம்பதில் நிற்பவரும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை. ஆனால் இந்த உண்மை, நாட் அவுட் சராசரியை ஊதிப் பெருக்குகிறது என்ற பொதுப் புகாருக்கு ஆதரவாக அல்ல, எதிராகவே போகிறது. தொடக்க ரன்களே ஆபத்தானவை என்றால், குறுகிய நாட் அவுட்டுகளை அதிகம் வைத்திருப்பவர் தம் ரன்களில் பெரும் பங்கை அந்த ஆபத்தான கட்டத்தில் எடுத்தவர். கண் பதிந்த பிறகு எளிதாக வரும் ரன்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. மைக்கேல் பெவன் ஒருநாள் ஆட்டங்களில் 196 இன்னிங்ஸில் 67 முறை நாட் அவுட், சராசரி 53.58. இன்னிங்ஸால் வகுத்தால் 35.27. தோனிக்கு 297-இல் 84, 50.57 என்பது 36.27 ஆகும். இவர்களுடைய பெரிய எண்ணைப் பார்த்து ‘நாட் அவுட் புண்ணியம்’ என்று சேப்பாக்கத்திலும் சொல்வார்கள். கடைசி ஓவர்களில் அடித்தே ஆக வேண்டிய கட்டாயம் தரும் ஆபத்தையும் கூட்டினால், அந்த எண் அவர்களைக் குறைத்துக்காட்டுகிறது என்று வாதிடவும் இடமுண்டு. இதை முடிவாகச் சொல்ல ஓவர்வாரியான தரவு வேண்டும்.

பேஸ்பால் போன வழி

மறுபக்கச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1824-இல் பிறந்து 1837-இல் அமெரிக்கா போன ஹென்றி சாட்விக், கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். 1860 முதல் அவர் தொகுத்த பீடில் நிறுவனக் கைநூல்களில் ஈவு–மீதி முறை அப்படியே குடியேறியது. ஆட்டத்துக்கு எத்தனை ரன், ஆட்டத்துக்கு எத்தனை முறை அவுட் என்று இரண்டு சராசரி. வகுத்தி ஆட்டம். 1876-இல் நேஷனல் லீக் தொடங்கியபோது வகுத்தி மட்டை பிடித்த தடவைகளாகவும், மேலே உள்ள எண் ரன்னுக்குப் பதில் ஹிட்டாகவும் ஆகிவிட்டன. மேலே உள்ள எண்ணில் பிறகும் கை வைத்தார்கள்: 1887-இல் பந்தை அடிக்காமல் நடந்து பெற்ற தளத்தையும் ஹிட் என்று எண்ணியதால் டிப் ஓநீல் .492 எட்டினார், பின்னாளில் அது .435 ஆகக் குறைக்கப்பட்டது.

ஒரே தொட்டிலில் பிறந்த இரண்டு சராசரிகள். பேஸ்பாலில் அவுட்டானாலும் ஆகாவிட்டாலும் அடுத்த முறை மட்டை கைக்கு வரும். ஆகவே தடவையே அலகு. கிரிக்கெட்டில் ஒரு முறை அவுட்டானால் அந்த இன்னிங்ஸ் தீர்ந்தது. ஆகவே விக்கெட்டே அலகு. ஆட்டத்தில் எது அரிதோ அது வகுத்தி ஆயிற்று.

அந்த வகுத்தியைக் கடைசியில் தீர்மானிப்பது ஸ்கோரர் எழுதும் சொல். 1983-இல் ஆன்டிகுவாவில் கார்டன் கிரீனிட்ஜ் 154-இல் நின்றபோது நோயுற்ற மகளைப் பார்க்க விட்டுச் சென்றார். ‘ரிட்டயர்டு நாட் அவுட்’ என்று எழுதப்பட்டது, வகுத்தி கூடவில்லை. 2001-இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக அட்டபட்டு 201-இலும் ஜெயவர்தனே 150-இலும் மற்றவர்களுக்கு வாய்ப்புத் தர வெளியேறினார்கள். ‘ரிட்டயர்டு அவுட்’, இருவருக்கும் வகுத்தி ஒன்று கூடியது. மூவரையும் எந்தப் பந்துவீச்சாளரும் வீழ்த்தவில்லை. பிராட்மேனின் பத்து நாட் அவுட்டுகளில் 1932-இல் அடிலெய்டில் துணைக்கு ஆளில்லாமல் நின்ற 299-உம் இருக்கிறது. 1948-இல் மெல்போர்னில் இந்தியாவுக்கு எதிராகக் காயத்தால் வெளியேறிய 57-உம் இருக்கிறது. பேரேட்டில் இரண்டும் ஒன்றே.

பழைய ஸ்கோர்ப் பட்டியல்களை மறுபதிப்பு செய்வோருக்கும் நம் விளையாட்டுப் பக்கங்களைத் தயாரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. சராசரியைத் தனியாக அச்சிடாதீர்கள். ரன், இன்னிங்ஸ், நாட் அவுட் மூன்றையும் பக்கத்திலேயே போடுங்கள். வகுத்தி கண்முன் இருந்தால் எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதை வாசகரே பார்த்துக்கொள்வார்.